பழைய ஹெவி டியூட்டி பிக்அப் வாங்கப் போறீங்களா? முதல்ல டிரைவர் கதவைத் திறந்து பாருங்க

போன மாசம் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் மெசேஜ் பண்ணியிருந்தார், "அண்ணா, 2017 ஃபோர்டு எஃப்-250 டீசல் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், 15,000 பவுண்ட் இழுக்கும்னு போட்டிருக்காங்க, நாங்க வாங்கப் போற ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் (டிரக் தொட்டிக்குள்ள மாட்டி இழுக்குறது) சாமானோட சேத்தே 12,500தான் வரும், அட்வான்ஸ் குடுத்துடவா"ன்னு. நான் பதிலுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். டிரைவர் கதவைத் திறந்தா அந்தத் தூண்ல டயர் காத்து அளவெல்லாம் போட்டு ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதை போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு. அனுப்பினார். அதுல, வண்டில ஏறுற ஆளுங்க, சாமான் எல்லாம் சேத்து 2,240 பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு இருந்துச்சு. வேண்டாம், அட்வான்ஸ் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டேன்.

அவருக்கு ஒண்ணும் புரியல. இழுக்குறது 15,000, நம்மகிட்ட இருக்கிறது 12,500, அப்புறம் இந்த 2,240 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டார். நியாயமான கேள்விதான், அமெரிக்கால முதல் தடவை ட்ரெய்லர் இழுக்க வண்டி தேடுற கிட்டத்தட்ட எல்லாரும் இங்கதான் இடறுறாங்க, அதனால இதையே நிதானமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

மொதல்ல பேரு. 1500, எஃப்-150 இதெல்லாம் ஹாஃப் டன்னு சொல்லுவாங்க, 2500, எஃப்-250 முக்கா டன், 3500, எஃப்-350 ஒரு டன். இந்த டன் கணக்கு ரொம்ப பழைய காலத்துல வண்டி எவ்ளோ சுமக்கும்ங்கிறதுக்கு வச்ச பேரு, இப்ப அதுக்கும் நிஜ அளவுக்கும் சம்பந்தம் இல்ல, பேரு மட்டும் ஒட்டிக்கிட்டு வருது. ஹெவி டியூட்டின்னா முக்கா டன்னும் ஒரு டன்னும்தான், அதாவது ஃபோர்டு சூப்பர் டியூட்டி, ராம் 2500, 3500, ஷெவி சில்வராடோ எச்டி, ஜிஎம்சி சியரா எச்டி. பழைய மார்க்கெட்ல நீங்க பாக்கப் போறது பெரும்பாலும் இவங்கதான்.

இப்ப அந்த 2,240. வண்டிக்கு கம்பெனி ஒரு உச்ச எடை வச்சிருக்கும், வண்டி, டேங்க் நிறைய எண்ணெய், ஆளு, சாமான், ட்ரெய்லர் வந்து அழுத்துற எடை எல்லாம் சேத்து அதைத் தாண்டக்கூடாது. அதுக்குப் பேரு ஜிவிடபிள்யூஆர். அதுலேர்ந்து காலி வண்டியோட எடையைக் கழிச்சா மிச்சம் வர்றதுதான் பேலோட், நம்ம வண்டி முதுகுல ஏத்திக்கக்கூடிய அளவு. முக்கா டன் வண்டிங்க நிறைய 10,000 பவுண்ட் ஜிவிடபிள்யூஆர்ல நிக்கும் (சுமார் 4,536 கிலோ), ஏன்னா அமெரிக்கால 8,501லேர்ந்து 10,000 வரை ஒரு வகுப்பு, 10,001லேர்ந்து 14,000 வரை அடுத்த வகுப்பு, அந்தக் கோட்டைத் தாண்டாம நிறுத்திக்கிறாங்க. டீசல் எஞ்சின், நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ், சன் ரூஃப், லெதர் சீட்டுன்னு ஒவ்வொண்ணா ஏறுனா காலி வண்டியே 7,500, 7,800னு வந்துடும், அப்ப மிச்சம் என்ன இருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க. அதான் ரெண்டாயிரத்துச் சொச்சம். வண்டி எவ்ளோ ஆடம்பரமா இருக்கோ அவ்ளோ பேலோட் கம்மின்னு வச்சுக்கலாம், அதே மாடல்ல ஒண்ணும் இல்லாத வொர்க் டிரக் கூட அதிகமா சுமக்கும்.

சரி, ட்ரெய்லர் பின்னாடி தானே உருண்டு வருது, அது எதுக்கு வண்டி முதுகுல வரணும்? மாட்டு வண்டில பாரம் ஏத்துனவங்களுக்கு இது சட்டுனு புரியும். முன்பாரம் ஜாஸ்தியானா மாட்டுக் கழுத்துல அழுத்தும், பின்பாரம் ஜாஸ்தியானா நுகத்தடி மேல தூக்கும், வண்டி கட்டுக்கு அடங்காது, அதனால கொஞ்சமா முன்பாரம் இருக்கிற மாதிரி ஏத்துவாங்க. ட்ரெய்லரும் அப்படியேதான். பம்பருக்குக் கீழ ஹிட்ச்ல மாட்டுற சாதா ட்ரெய்லர்னா மொத்த எடைல 10லேர்ந்து 15 சதவீதம் ஹிட்ச் மேல உக்காரணும், இதுக்கு டங் வெயிட்னு பேரு. அதுக்குக் கீழ போனா 60 மைல் வேகத்துல ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், வாலாட்டம் ஒரு அளவைத் தாண்டுனா முன்னாடி இருக்கிற டிரக்கையும் சேத்துத் திருப்பிப் போட்டுடும், அதனால டங் வெயிட்டைக் குறைச்சு பேலோடை மிச்சம் பிடிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்கவே கேக்காதீங்க. டிரக் தொட்டிக்கு நடுவுல மாட்டுற ஃபிஃப்த் வீல்னா இன்னும் ஜாஸ்தி, 15லேர்ந்து 25 சதவீதம் வரை, சராசரியா 20னு வச்சு கணக்குப் போடலாம், அதுக்கு பின் வெயிட்னு சொல்லுவாங்க (pin, பின்பக்கம்ங்கிற அர்த்தம் இல்ல).

தம்பியோட கணக்கைப் போட்டுப் பாப்போம். 12,500ல 20 சதவீதம் 2,500. அங்கயே முடிஞ்சு போச்சு, ஸ்டிக்கர் 2,240தான். அதுக்கு மேல அவங்க குடும்பம் நாலு பேர் 560, ஃபிஃப்த் வீல் ஹிட்ச் இரும்பு ஒரு 150, டூல்ஸ், ஐஸ் பாக்ஸ்னு இன்னொரு 150. மொத்தம் 3,360. அதாவது 1,120 பவுண்ட் அதிகம், அரை டன்னுக்கும் மேல. ஆனா இழுக்குற கணக்கு மட்டும் பாத்தா இன்னும் 2,500 பவுண்ட் மிச்சம் இருக்கிற மாதிரி தெரியும். எஞ்சின் இழுத்துடும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா பின் ஆக்ஸிலும் டயரும் ஸ்பிரிங்கும் அதைத் தாங்கணும்ல, முன் சக்கரம் ரோட்டைப் பிடிக்கணும்ல.

இங்க ஒருத்தர் கண்டிப்பா வந்து ஏர் பேக் (பின் ஸ்பிரிங்குக்கு உதவியா வைக்கிற காத்துப் பை) போட்டா சரியாயிடும்னு சொல்லுவார். ஏர் பேக் போட்டா பின்னாடி இறங்குனது மேல ஏறி வண்டி மட்டமா நிக்கும், அதுவரைக்கும் நல்லதுதான். ஆனா ஸ்டிக்கர்ல இருக்கிற நம்பர் ஒரு பவுண்ட் கூட ஏறாது, ஆக்ஸிலும் பிரேக்கும் வீலும் பழசேதான்.

ட்ரெய்லர் எடைன்னு எதை எடுத்துக்கணும்ங்கிறதும் முக்கியம். விளம்பரத்துல போடுறது ட்ரை வெயிட், அதாவது தண்ணி இல்லாம, சாமான் இல்லாம ஃபேக்டரிலேர்ந்து வந்த எடை. அந்த எடைல யாரும் ட்ரிப் போறதில்ல. ஒரு கேலன் தண்ணி 8.3 பவுண்ட், 50 கேலன் டேங்க் நிரப்புனா 400 பவுண்டைத் தாண்டிடும், அப்புறம் பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், துணிமணி. நான் எப்பவும் ட்ரெய்லரோட ஜிவிடபிள்யூஆரை வச்சே கணக்குப் போடச் சொல்லுவேன். அதனால வாங்குற வரிசையும் மாறுது, எந்த ட்ரெய்லர்னு முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் டிரக் தேடணும், நிறைய பேர் ஆசைப்பட்டு டிரக்கை முதல்ல வாங்கிட்டு அதுக்குள்ள அடங்குற ட்ரெய்லரைத் தேடி அலையுறாங்க.

பழைய வண்டில இன்னொரு சிக்கல் இருக்கு. அந்த ஸ்டிக்கர் ஃபேக்டரிலேர்ந்து வந்தப்ப ஒட்டினது. அதுக்கப்புறம் முந்தின ஓனர் முன்னாடி இரும்பு பம்பர் போட்டிருப்பார், தொட்டில டூல் பாக்ஸ், எக்ஸ்ட்ரா டீசல் டேங்க், பெரிய டயர் எல்லாம் போட்டிருப்பார், இதெல்லாம் பேலோடுலேர்ந்துதான் போகுது. அதனால முடிஞ்சா வாங்குறதுக்கு முன்னாடியே டேங்க் நிரப்பி கேட் ஸ்கேல்ங்கிற (CAT Scale) எடை மேடைல ஏத்திப் பாருங்க. ஹைவே ஓரத்துல டிரக் ஸ்டாப்ல எல்லாம் இருக்கும், செலவு கொஞ்சம்தான், முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் தனித்தனியா எடை போட்டு சீட்டு குடுக்கும். ஜிவிடபிள்யூஆர்லேர்ந்து அந்த சீட்டு எடையைக் கழிச்சா இன்னிக்கு நிஜமா மிச்சம் இருக்கிறது எவ்ளோன்னு தெரிஞ்சிடும். 10,000 பவுண்டுக்கு மேல ரேட்டிங் இருக்கிற ஒரு டன் வண்டில சிலதுல இந்த பேலோட் ஸ்டிக்கரே இருக்காது, அப்ப இந்த வழிதான்.

அப்படின்னா விளம்பரத்துல போடுற அந்தப் பெரிய இழுவை நம்பர் பொய்யான்னா, பொய் இல்ல. எஸ்ஏஇ ஜே2807னு ஒரு சோதனை முறை இருக்கு, 2008ல வந்துச்சு, டொயோட்டா 2011 மாடல்லேர்ந்து முதல்ல எடுத்துக்கிட்டாங்க, ஹெவி டியூட்டி வண்டிகளுக்கு 2010-களோட நடுவுலதான் வந்துச்சு. அரிசோனால டேவிஸ் டேம் பக்கம் 11.4 மைல் ஏத்தம், அதுல 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில்ல ஏசியை முழுசா வச்சுக்கிட்டு ட்ரெய்லரோட ஏறணும், 40 மைல் வேகத்துக்குக் கீழ விழக்கூடாது, பின்னாடி நாலு சக்கரம் உள்ள வண்டின்னா 35. கடுமையான சோதனைதான். ஆனா அந்த நம்பர் டிரைவரும் இன்னொருத்தரும் மட்டும் உக்காந்து, வேற சாமான் கிட்டத்தட்ட ஒண்ணும் இல்லாம வர்றது. உங்க வண்டில பின் சீட்ல பிள்ளைங்க, தொட்டில சைக்கிள், ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும். இந்தச் சோதனை முறை வர்றதுக்கு முந்தின வருஷ வண்டிங்கள்ல ஒவ்வொரு கம்பெனியும் தங்களுக்குத் தோணின மாதிரி சோதிச்சு நம்பர் போட்டாங்க, அதனால 2008 வண்டியையும் 2018 வண்டியையும் நம்பரை வச்சு ஒப்பிடாதீங்க.

அப்ப முக்கா டன்னா, ஒரு டன்னா? என் கருத்து வெளிப்படையா சொல்றேன், ஃபிஃப்த் வீல் இழுக்கணும்னா ஒரு டன்னுக்கே போங்க. எஃப்-250க்கும் ஒத்தைச் சக்கர (பின்னாடி பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள) எஃப்-350க்கும் எஞ்சின் ஒண்ணு, கேபின் ஒண்ணு, பார்க்கிங்ல நிக்கிற இடமும் ஒண்ணுதான், பின் ஸ்பிரிங்கும் ஸ்டிக்கர் நம்பரும்தான் பெரிசா மாறும். ராம்ல வித்தியாசம் கொஞ்சம் கூட, 2014லேர்ந்து 2500க்கு பின்னாடி காயில் ஸ்பிரிங், 3500க்கு பட்டை ஸ்பிரிங். காலியா ஓட்டுறப்ப காயில் சொகுசா இருக்கும், சுமைக்கு பட்டைதான். பழசுல ரெண்டுக்கும் விலை வித்தியாசம் பெரும்பாலும் கொஞ்சம்தான். டூலின்னு சொல்ற பின்னாடி நாலு சக்கர வண்டி 15,000 பவுண்டைத் தாண்டுற ட்ரெய்லருக்கு, பக்கக் காத்து அடிக்கிறப்ப அதோட நிதானமே தனி, ஆனா தினசரி வேலைக்கும் அதே வண்டின்னா குறுகலான இடத்துல கஷ்டம், பனில பின்னாடி வழுக்கும், டயர் மாத்துனா ஆறு மாத்தணும். சாதா ஹிட்ச்ல 7,000, 8,000 பவுண்ட் கேம்பர் இழுக்குறவங்களுக்கு முக்கா டன்னே தாராளம்.

அடுத்து எல்லாரும் சண்டை போடுற விஷயம், டீசலா பெட்ரோலா. டீசல்னா இழுவை அள்ளும், இறக்கத்துல எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியைப் பிடிச்சு நிறுத்தும் (இது மலைல ஓட்டுனவங்களுக்குத்தான் அருமை தெரியும்), உயரத்துல மூச்சு வாங்காது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும், கொலராடோல ஐ-70ல ஐசன்ஹவர் டனல் 11,000 அடிக்கு மேல இருக்கு, அங்க போறப்ப மூணுல ஒரு பங்கு சக்தி காணாமப் போயிருக்கும். ஆனா டீசல் எஞ்சினே கனம், அது உங்க பேலோடைத் தின்னும், ரிப்பேர்னு வந்தா பெரிய செலவு, அதுக்கு மேல 2007லேர்ந்து புகை வடிகட்டி டிபிஎஃப், அப்புறம் புகையோட நச்சைக் குறைக்க டிஇஎஃப் திரவம் ஊத்துற அமைப்பு எல்லாம் சேந்துச்சு. தினம் ரெண்டு மைல் ஸ்கூலுக்குப் போய்ட்டு வர்றதுக்கு டீசல் ஓட்டுனா டிபிஎஃப் சூடேறாம அடைச்சுக்கும். வருஷத்துக்கு அஞ்சாறு தடவை 10,000 பவுண்டுக்குள்ள, பெரும்பாலும் சமதரைல இழுக்குறவங்க ஃபோர்டு 6.2, ஜிஎம் 6.0, ராம் 6.4 மாதிரி பெட்ரோல் வண்டி வாங்குனா மனசு நிம்மதியா இருக்கும். ஏத்தத்துல 4,500 ஆர்பிஎம்ல கத்தும், பயப்படாதீங்க, அது அப்படித்தான் வேலை செய்யும்.

டீசல்தான்னு முடிவு பண்ணுனா எந்த வருஷம்ங்கிறதுதான் எல்லாம். ஒரே பேருல வந்த எஞ்சின் ரெண்டு வருஷ வித்தியாசத்துல வேற ஜாதகம்.

ஃபோர்டுல 1994 நடுவுலேர்ந்து 2003 வரை 7.3 பவர் ஸ்ட்ரோக். சக்தி இன்னிக்குக் கணக்குக்குக் கம்மி, ஆனா உழைக்கும். கேம் பொசிஷன் சென்சார் போனா ஓடிட்டிருக்கிறப்பவே நின்னு போகும், விலை குறைஞ்ச பார்ட், கைவசம் ஒண்ணு வச்சுக்கிறவங்க நிறைய. 2003லேர்ந்து 2007 வரை 6.0, இதுல ஆயில் கூலர் அடைச்சு, ஈஜிஆர் (புகையில ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள்ள விடுற அமைப்பு) கூலர் வெடிச்சு, ஹெட் கேஸ்கெட் போறது ஊரறிஞ்ச கதை, ஹெட் போல்ட்டை மாத்தி ஸ்டட் போட்டு கூலர் எல்லாம் புதுசாக்குனதுக்கு பில் காட்டுனா யோசிக்கலாம், விலை குறைவா இருக்கேன்னு மட்டும் பில் இல்லாம போகாதீங்க. 2008லேர்ந்து 2010 வரை 6.4, இதை நான் யாருக்கும் சொல்றதில்ல, கொஞ்சம் பெரிய வேலைன்னாலே கேபினைத் தூக்கிட்டுத்தான் செய்வாங்க, கூலியே சாப்பிட்டுடும். 2011லேர்ந்து 6.7, ஃபோர்டு தாங்களே செஞ்ச எஞ்சின், பொதுவா நல்ல பேரு.

ஆனா அந்த 6.7ல சிபி4னு ஒரு ஹை பிரஷர் பம்ப் இருக்கு. இதைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். அது உள்ளுக்குள்ள தேஞ்சு உடைஞ்சா இரும்புத் தூள் டீசலோட கலந்து இஞ்செக்டர் வரைக்கும் போயிடும், பம்ப் மட்டும் மாத்துனா பத்தாது, டேங்க்லேர்ந்து இஞ்செக்டர் வரை எல்லாம் மாத்தணும், 10,000 டாலர் கிட்ட வரும். ஜிஎம் 2011லேர்ந்து 2016 வரை போட்ட டூராமேக்ஸ்லயும் இதே பம்ப்தான். ராம்ல 2019, 2020 வண்டில போட்டாங்க, 2021 கடைசில ரீகால் பண்ணி பழைய சிபி3க்கே திரும்பினாங்க. எல்லா சிபி4ம் உடையும்னு இல்ல, நிறைய வண்டி 2 லட்சம் மைல் ஓடியிருக்கு, ஆனா எரிபொருள் ஃபில்டர் ஒழுங்கா மாத்தியிருக்காங்களா, தண்ணி கலந்த டீசல் போட்ட கதை ஏதாவது உண்டான்னு கேட்டே ஆகணும்.

ஜிஎம் டூராமேக்ஸ் 6.6, 2001ல வந்துச்சு. முதல்ல வந்த எல்பி7ங்கிற மாடல்ல இஞ்செக்டர் பிரச்சினை, அது வால்வ் கவருக்குள்ள இருக்கிறதால கூலி ஜாஸ்தி. அடுத்த எல்எல்ஒய் சுமை இழுக்கிறப்ப சூடாகும்னு பேரு. 2006, 2007ல வந்த எல்பிஇசட் தான் எல்லாரும் தேடுறது, டிபிஎஃப் வர்றதுக்கு முன்னாடி வந்த கடைசி டூராமேக்ஸ், ஆறு கியர் அலிசன் பெட்டியோட. ஒண்ணு கவனிங்க, 2006 வண்டில எல்எல்ஒய்யும் வந்திருக்கு, விஐஎன் நம்பர்ல (வண்டியோட அடையாள எண்) எட்டாவது எழுத்து டி-ன்னா எல்பிஇசட், 2ன்னா எல்எல்ஒய். 2017லேர்ந்து எல்5பி, அதுல சிபி4 கிடையாது, பட்ஜெட் இடம் குடுத்தா நான் அங்கதான் போவேன்.

ராம்ல கம்மின்ஸ். வரிசையா ஆறு சிலிண்டர், எளிமையான கட்டமைப்பு. 5.9 லிட்டர் 2007 வரை, அதுல 1998 நடுவுலேர்ந்து 2002 வரைக்கும் விபி44 இஞ்செக்ஷன் பம்ப், டேங்க்லேர்ந்து எண்ணெய் தள்ளுற சின்ன லிஃப்ட் பம்ப் சோந்து போனா இந்தப் பெரிய பம்பையும் கூட்டிட்டுப் போயிடும், அதனால ஃபியூல் பிரஷர் மீட்டர் போட்டிருக்கான்னு பாருங்க. 2003லேர்ந்து காமன் ரெயில், அதாவது எல்லா இஞ்செக்டருக்கும் பொதுவான ஒரே ஹை பிரஷர் குழாய்லேர்ந்து டீசல் போகும். 2007 நடுவுலேர்ந்து 6.7, இதுல காத்தை சூடாக்குற கிரிட் ஹீட்டரோட போல்ட் கழண்டு எஞ்சினுக்குள்ள விழுந்துடும்னு ஒரு பயம் உண்டு, அதை முன்கூட்டியே சரி பண்ணி வச்சிருந்தா ஓனர் விவரமானவர்னு அர்த்தம். எஞ்சின் உழைக்கும், ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிதான் பல வருஷம் அதோட பலவீனம், 2013லேர்ந்து 3500ல ஐசின் பெட்டி கிடைச்சா பெரிய ட்ரெய்லருக்கு அதைப் பாருங்க.

டிலீட் பண்ணின வண்டின்னு விளம்பரத்துல பெருமையா போட்டிருப்பாங்க. டிபிஎஃப், ஈஜிஆர் எல்லாம் கழட்டிப் போட்டு ட்யூன் பண்ணினதுன்னு அர்த்தம். க்ளீன் ஏர் ஆக்ட் சட்டப்படி அது தப்பு, கலிஃபோர்னியால 1998 மாடல்லேர்ந்து வந்த டீசல் பிக்அப்புக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்மாக் செக்ங்கிற புகைச் சோதனை உண்டு, அங்க தேறாது, திருப்பி ஒரிஜினலா மாத்த ஆயிரக்கணக்குல ஆகும். சொல்லாம விக்கிறவங்களும் உண்டு, அதுக்கு ஒரு சுலபமான வழி, சைலன்சர் குழாய்க்குள்ள வெள்ளை டிஷ்யூ பேப்பரை விட்டுத் துடைச்சுப் பாருங்க, டிபிஎஃப் ஒழுங்கா இருக்கிற வண்டில கிட்டத்தட்ட சுத்தமா வரும், கரி கரியா வந்தா ஒண்ணு அது இல்ல, இல்லன்னா உடைஞ்சிருக்கு.

பின் ஆக்ஸில் கியர் ரேஷியோ, இதையும் மறந்துடுவாங்க. 3.31, 3.55, 3.73, 4.10, 4.30னு வரும், நம்பர் பெருசா இருந்தா இழுவை கூட, மைலேஜ் குறைவு. பழைய ஜிஎம் வண்டில க்ளவ் பாக்ஸ் ஸ்டிக்கர்ல ஜிடி4ன்னு இருந்தா 3.73, ஜிடி5ன்னா 4.10. ஃபோர்டுல கதவு லேபிள்லயே ஆக்ஸில் கோட் இருக்கும். பெட்ரோல் வண்டிக்கு 3.73க்குக் கீழ வேண்டாம்பேன். பெரிய டயர் போட்டு உசத்தின வண்டின்னா இந்தக் கணக்கும் கெட்டுடும், 33 இன்ச் இருந்த இடத்துல 37 போட்டா 3.73 கியர் 3.33 மாதிரிதான் நடந்துக்கும். ட்ரெய்லர் இழுக்கணும்னா உசத்தின வண்டியைப் பாக்கவே வேண்டாம், அழகா இருக்கட்டும், ஹிட்ச் உயரமும் ஒத்து வராது.

தொட்டி நீளம் ஆறரை அடியா எட்டடியான்னும் பாருங்க. ஃபிஃப்த் வீலோட ஆறரை அடில கூர்மையாத் திரும்புனா ட்ரெய்லர் மூக்கு கேபின் கண்ணாடில வந்து இடிக்கும், திரும்புறப்ப பின்னால நகர்த்திக்கிற ஸ்லைடர் ஹிட்ச் போட்டுச் சமாளிக்கலாம். எட்டடின்னா அந்தக் கவலை இல்ல.

இனி நேர்ல போய்ப் பாக்குறது. விக்கிறவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் பானட்டைத் தூக்கி எஞ்சின் மேல கை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா எதையோ மறைக்கிறாரோன்னு சந்தேகப்படலாம், ஏன்னா டீசலோட நோய் எல்லாம் ஆறின எஞ்சின்லதான் தெரியும். ஸ்டார்ட் ஆக எவ்ளோ நேரம் எடுக்குது, வெள்ளைப் புகை எவ்ளோ நேரம் நிக்குதுன்னு பாருங்க. சூடானதும் ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி அப்படியே தலைகீழா வாய் மேல வைங்க, லேசா ஆடுனா பரவால்ல, தூக்கி எறிஞ்சா சிலிண்டர்லேர்ந்து காத்து கீழ கசியுது. கூலண்ட் டப்பா மூடியைச் சுத்தி வெள்ளையா காஞ்சு போன கறை இருந்தா, முக்கியமா 6.0ல, ஹெட் கேஸ்கெட்னு நினைச்சுக்கங்க.

மைலேஜ் மட்டும் பாக்காதீங்க, எஞ்சின் மணிநேரத்தையும் பாருங்க, மீட்டர் மெனுலயே நிறைய வண்டில வரும். 96,000 மைல், 6,000 மணிநேரம்னா வகுத்துப் பாத்தா மணிக்கு 16 மைல், அப்ப அந்த எஞ்சின் பாதி நேரம் நின்ன இடத்துலயே ஓடியிருக்கு, ஏதோ வேலைத்தளத்து வண்டி. 30க்கு மேல வந்தா ஹைவேல ஓடின வண்டி. ஒரே மைலேஜ் இருக்கிற ரெண்டு வண்டில எது அதிகம் தேஞ்சதுன்னு சொல்ற நம்பர் இதுதான், இவ்ளோ லேசா கிடைக்கிறதை ஏன் நிறைய பேர் கேக்கறதில்லன்னு எனக்கு ஆச்சரியம்.

கீழ படுத்துப் பாருங்க, வெக்கப்படாதீங்க. மிச்சிகன், ஒஹையோ, நியூயார்க் மாதிரி பனிக்கு ரோட்ல உப்பு போடுற மாநிலத்து வண்டின்னா ஃப்ரேம், ஸ்பிரிங் மாட்டுற இடம், பிரேக் லைன் எல்லாம் துரு தின்னிருக்கும். புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்ச ஃப்ரேம்னா சுத்தியலால தட்டுங்க, நல்ல இரும்பு கணீர்னு சொல்லும், துரு பிடிச்சது பொத்துனு சொல்லும். 2017லேர்ந்து சூப்பர் டியூட்டி பாடி அலுமினியம், மேல துரு இல்லன்னு ஏமாந்துடாதீங்க, ஃப்ரேம் இரும்புதான். தொட்டி நடுவுல கூஸ்நெக் ட்ரெய்லர் மாட்டுறதுக்குப் போட்ட ஓட்டை இருந்தா, ஹிட்ச் ஓட்டை தேஞ்சு நீள்வட்டமா போயிருந்தா நிறைய இழுத்த வண்டி, அது குத்தம் இல்ல, கியர் ஆயில், ஆக்ஸில் ஆயில் மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க. கியர் ஆயில் கருகின வாடை அடிச்சா கிளம்பிடுங்க.

ஓட்டிப் பாக்கிறப்ப 50 மைல் வேகத்துல ஒரு மேடு பள்ளத்துல ஏத்துங்க. ஃபோர்டு, ராம் ரெண்டுலயும் ஃபோர் வீல் டிரைவ்னா முன்னாடி கட்டை ஆக்ஸில், ட்ராக் பார், பால் ஜாயின்ட் தேஞ்சிருந்தா ஸ்டியரிங் கையைப் பிடுங்குற மாதிரி உதறும், டெத் வாபிள்னு பேரே வச்சிருக்காங்க. டயர்ல டிஓடி எழுத்துக்குக் கடைசில நாலு நம்பர், 3518ன்னா 2018ல 35-வது வாரம். லோட் ரேஞ்ச் ஈ டயர்தானான்னும் பாருங்க, ஒரு டயர் சுமார் 3,200லேர்ந்து 3,700 பவுண்ட் தாங்கும், சாதா கார் டயர் போட்டு விக்கிறதும் நடக்குது. ட்ரெய்லர் லைட்டுக்கும் பிரேக்குக்கும் கரண்ட் குடுக்குற ஏழு முனை ப்ளக், ட்ரெய்லர் பிரேக்கை இயக்குற பிரேக் கண்ட்ரோலர் இருக்கான்னு பாருங்க. இவ்ளோ பாத்தாலும் கடைசில ஒரு டீசல் மெக்கானிக்கிட்ட காசு குடுத்துக் காட்டிடுங்க.

பேப்பர் விஷயம் சுருக்கமா. அமெரிக்க அரசோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு என்எச்டிஎஸ்ஏ தளத்துல விஐஎன் போட்டா முடிக்காத ரீகால் எல்லாம் இலவசமா வரும். டைட்டில் (உரிமைப் பத்திரம்) க்ளீனா, சால்வேஜான்னு (பெரிசா அடிபட்டு இன்சூரன்ஸ் கைவிட்ட வண்டி) பாருங்க. 2011 மாடல்லேர்ந்து உள்ள வண்டிக்கு 20 வருஷம் வரை விக்கிறவர் ஓடோமீட்டர் கணக்கை எழுதிக் குடுக்கணும், 2010ம் அதுக்கு முந்தினதும் விலக்கு, அதனால பழசுல மைலேஜை அப்படியே நம்பாதீங்க. டீலர்கிட்ட ஜன்னல்ல ஒட்டியிருக்கிற பையர்ஸ் கைடுல ஆஸ் இஸ்னு டிக் பண்ணியிருந்தா வாங்கின பிறகு வர்றது எல்லாம் உங்க செலவு. லைசென்ஸும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கலிஃபோர்னியால 15,000 பவுண்டுக்கு மேல ஃபிஃப்த் வீல்னா தனியா நான்-கமர்ஷியல் (வணிகம் சாராத) கிளாஸ் ஏ லைசென்ஸ் வேணும், உங்க மாநில டிஎம்வில (லைசென்ஸ் குடுக்குற ஆபீஸ்) கேட்டுக்கங்க.

அந்தத் தம்பி அப்புறம் ஒரு மாசம் பொறுத்து ஒத்தைச் சக்கர எஃப்-350 ஒண்ணு எடுத்தார், லெதர் சீட் இல்ல, சன் ரூஃப் இல்ல, கதவு ஸ்டிக்கர்ல 3,900. முதல் ட்ரிப் கிளம்புறப்ப குடும்பத்தோட, தண்ணி நிரப்பி, கேட் ஸ்கேல்ல ஏத்தி சீட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். பின் ஆக்ஸில்ல இன்னும் 480 பவுண்ட் இடம் இருந்துச்சு.